இறால் கொட்டகைத் தண்ணீர்

3 பிப்ரவரி 2025, திங்கள்

மகள் சாமியா இப்போதுதான் தூங்கினாள். இன்று வாசல்வரை தவழ்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் சாக்கடை! எங்கள் கொட்டகையில் இறால் உரித்துக் கழுவும் தண்ணீர் அதில்தான் போகிறது. நாற்றம் பழகிவிட்டது என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு பரக்கத் நிஷாவை அக்கா முறையில் லாத்தா என்பேன்; அவருக்குப் பழகவில்லை. தெருவில் நின்று கத்தினார்: "அடுத்த வாரம் வெள்ளி வரைக்கும் பாப்பேன். அப்பறம் ஜமாஅத்துல சொல்லிக் கொட்டாயப் பூட்ட வைக்கலேன்னா என் பேரு பரக்கத் இல்ல!"

பூட்டினால் உரிக்க வரும் பெண்கள் எங்கே போவார்கள்? நாங்கள்?

எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் தூள் எடுத்தேனே! வினிகரில் கரைத்து ஊற்றினால் தண்ணீரிலுள்ள அழுக்கு திரண்டு அடியில் தங்கும். அந்த ஓட்டைத்தான் தினமும் குப்பையில் கொட்டுகிறோம்.

8 பிப்ரவரி, சனி

காய்ந்த ஓட்டோடு நேற்று புதுக்கோட்டை பஸ். "யம்மா, பைக்குள்ள என்னங்க, கருவாட்டுக் கடையா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. மானம் போச்சு.

ஓட்டைக் காஸ்டிக் சோடா காரத்தில் வேகவைக்கும் வேலை. பிள்ளை இருக்கும் வீட்டில் செய்யப் பயம். என் பழைய காலேஜில் அன்புச்செல்வி மேம் லேபைத் திறந்துவிட்டார். நேற்றும் இன்றும் அலைந்ததில் ஒரு டப்பா தூள்!

10 பிப்ரவரி, திங்கள்

கொட்டகைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துக் கரைசலை ஊற்றினேன். லேசாகத் திரண்டது. எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு கரண்டி. இன்னொன்று. மறுபடி கலங்கிப்போச்சு.

மாமி: "முன்னாடி எறா வாடை மட்டுந்தான். இப்ப ஊறுகா வாடையும்ல சேந்துருச்சு!"

12 பிப்ரவரி, புதன்

மேமுக்கு போன் போட்டேன். "கூடிப்போனாலும் கலங்கும் பாசிலா. எவ்வளவு ஊத்தின?" சொன்னேன். சிரிக்கிறார். பிள்ளைக்கு ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போடுகிறவள்தானே நான்.

14 பிப்ரவரி, வெள்ளி

அளவைக் குறைத்ததும் தெளிந்த டிரம்மைக் காட்டினேன். லாத்தா நம்பவில்லை. "பைப்புத் தண்ணியப் புடிச்சு வச்சுக்கிட்டு யாரை ஏமாத்துற?"

"கொட்டாய்த் தண்ணிய நீங்களே மொண்டு வாங்க லாத்தா."

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாளி கொண்டுவந்தார். ஒரே ஒரு டீக்கரண்டி ஊற்றிக் கலக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கை அடுத்த கரண்டிக்குப் போகிறது— பாசிலா, சும்மா இரு! கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யா அல்லாஹ், எவ்வளவு நேரம்... பிறகு மெல்ல மெல்ல, பஞ்சு பஞ்சாகத் திரண்டு இறங்கியது.

லாத்தா குனிந்தார். மோந்து பார்த்தார். "வாளி அடி தெரியுதுடி!" உடனே முறைப்பு: "ஒருநா ஊத்த மறந்தாலும் வந்து நிப்பேன், ஆமா."

24 பிப்ரவரி, திங்கள்

இன்று இறால் ஏகப்பட்டது, ஆள் போதவில்லை. யாரும் கூப்பிடாமலே பரக்கத் லாத்தா வந்து கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம்வரை மாமியோடு சண்டை, யார் கை வேகம் என்று. போகும்போது என் காதில்: "ஒங்க மாமிக்கு உரிக்கவே தெரியல. நாளைக்கு வெள்ளனமே வாரேன்."