மாமா கடை நெய்

இன்று காலை வெண்ணெய் உருக்கினேன். முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டதும் சடசடவென்று பொரிந்து வீடெல்லாம் மணந்தது. உடனே உன் நினைவு வந்தது. நீ இருந்திருந்தால் குனிந்து முகர்ந்துவிட்டு, "எந்தக் கடைடி?" என்று கேட்டிருப்பாய்.

நாம் இருவரும் புதுச்சேரியில் உணவு ஆய்வாளர்களாகச் சேர்ந்த புதிது. எல்லார் கையிலும் அப்போதுதான் செல்போன் வரத் தொடங்கியிருந்தது. பசு நெய் என்று லேபிள் ஒட்டி வனஸ்பதி கலந்து விற்பதாகப் புகார்கள் வரவே, கடை கடையாக மாதிரி எடுக்கச் சொன்னார்கள். நமக்கு முத்தியால்பேட்டை. அங்கே நெய்க்கடை வைத்திருந்தவர் உன் தாய்மாமா.

"நீ வராத, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"மாமா கடைன்னு மேலதிகாரிகிட்ட சொல்லிட்டேன். கையெழுத்து நீ போடு. ஆனா நான் உள்ள வருவேன்."

மாமா சிரித்தபடி காபி வாங்கிவரச் சொன்னார். நான் பாட்டில்களை எடுத்து வைத்ததும் அவர் முகம் மாறியது. "வீட்டுப் பொண்ணே வந்து புடிக்கிறியா?"

"புடிக்க வரல மாமா. சின்ன வயசுலேர்ந்து சோத்துல ஊத்திச் சாப்பிட்டது என்னான்னு எனக்குத் தெரியணும்."

வனஸ்பதி கலந்திருப்பதாக ஆய்வக முடிவு வந்தது. எனக்கு ஆத்திரம். உனக்கோ, "அப்புறம் மாமா நெய்யில அந்த வாசன எப்பிடிடி வந்துச்சு?" என்ற யோசனை.

வழக்கு நடந்து தண்டனையும் ஆனது. கடை மூடியது. உன் அம்மா உன்னோடு பேசுவதை நிறுத்தினார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு உன்னை மட்டும் அழைக்கவில்லை. அன்று என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கடற்கரைச் சாலை முழுக்க அழுதாய். அப்படியும் முதலியார்பேட்டையில் இருந்த மாமா வீட்டுக்குப் போனாய். கதவைச் சாத்தினார்கள். மறுபடியும் போனாய்.

"சண்ட போடவா போற?"

"இல்லடி. ஒண்ணு கேக்கணும்."

என்ன கேட்டாய் என்று நீ சொல்லவில்லை. உன் சாவு வீட்டில்தான் தெரிந்தது. கூட்டத்தில் ஒதுங்கி நின்ற மாமா தானாகவே என்னிடம் வந்தார்.

"ஊரு என்னத் திட்டுச்சு. வீட்டுல அவளத் திட்டுனாங்க. எப்பிடி மாமா ஆரம்பிச்சுதுன்னு கேட்டவ அவ ஒருத்திதாம்மா."

"என்ன சொன்னீங்க?"

"ஒரு தீபாவளிக்குச் சரக்கு பத்தல. ஒரே ஒரு டின்னுல கலந்தேன். யாருக்கும் தெரியல. நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் நிறுத்த முடியல. இத அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன்." துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். மாதிரி எடுப்பதிலும் வழக்குப் போடுவதிலும் இரக்கம் காட்டுவதில்லை. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, உன்னைப்போலவே ஒரு தடவை கலப்படத்தில் பிடிபட்ட மனிதரைத் தேடிப் போய், எப்படி ஆரம்பித்தது என்று கேட்கிறேன். பலர் முறைக்கிறார்கள். சிலர் ஸ்டூலை இழுத்துப் போடுகிறார்கள். உட்கார்ந்து கேட்கிறேன்.