இஸ்திரி போட்ட பில்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்சுவாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

அப்பா போன பிறகு தையல் கடையை என் பெயருக்கு மாற்ற ஆடிட்டரைப் பார்க்கப் போனேன் அல்லவா, அவர் இந்த வருடச் செலவு பில் அத்தனையும் கொண்டுவரச் சொன்னார். செலவைக் காட்டாவிட்டால் வந்த பணம் முழுக்க லாபம் என்று வரி போட்டுவிடுவார்களாம், அதைக் கட்ட ஒரு மிஷினையாவது விற்க வேண்டிவரும் என்றார். இருப்பதே இரண்டு மிஷின், ஒன்று என்னுடையது, ஒன்று அப்பாவுடையது, எதை விற்பேன் சொல். வீட்டுக்கு வந்து பில் போட்டு வைக்கிற பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். உனக்குத் தெரியாததா, உன் அப்பா நூல் வாங்கினாலும் ஜிப் வாங்கினாலும் பில்லைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வருவார், துவைக்கும் முன் பையைத் துழாவி அதை மீட்பது என் வேலை. கசக்கினாலும் ஒரு நல்ல பழக்கம், எந்தக் கடை, என்ன தேதி, எதற்கு வாங்கினது என்று பின்பக்கத்தில் பேனாவால் எழுதிவிடுவார். டின் நிறையக் கசங்கிய உருண்டைகள், இதை எப்படி ஒரு பெரிய மனிதர் மேஜையில் கொட்டுவது என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நம் கடையிலிருந்து ஒரு கைக்குட்டைகூட இஸ்திரி போடாமல் வெளியே போனதில்லை. பெட்டியைச் சூடு பண்ணி, அவர் கையெழுத்து மேலே தெரிகிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்துத் தேய்த்தேன். "டீச்சரம்மா நீலப் பாவாடை, ஜிப்" என்று ஒன்று, "கல்யாண மாப்பிள்ளைக் கோட்டு, லைனிங், கறாராகப் பேசியும் குறைக்கவில்லை" என்று ஒன்று, படித்துக்கொண்டே தேய்த்தேன், ரொம்ப நாள் கழித்து அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்த மாதிரி இருந்தது. எல்லாம் முடித்து அடுக்கித் திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் பூராவும் கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடக்கிறது. கடைகளில் மிஷினில் அச்சாகி வருகிற இந்த பில் தாள் சூடு பட்டால் கறுத்துவிடுமாம், எனக்கு எப்படித் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றேன், அன்றைக்கு அழ வேண்டியதையும் சேர்த்து அப்போது அழுதேன்.

உன் சித்தப்பா கேள்விப்பட்டு வந்து, "படிச்சவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணி" என்று ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனார். ஆடிட்டர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடை பேரும் தேதியும் இருக்கேம்மா, போய்க் கேட்டா நகல் எடுத்துக் குடுப்பாங்க" என்றார். அதனால் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். நடக்கிறது ஒரு கஷ்டமா, போகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வியே "அண்ணன் வரலையா" என்பதுதான். நூல் கடையில் சொன்னேன், அந்தப் பையன் கையிலிருந்த நூல்கண்டைக் கீழே போட்டுவிட்டான். லைனிங் கடை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மிஷின் ரிப்பேர்க்காரர், "போன மாசம்தானே என்னைத் திட்டிட்டுப் போனாரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா ஒரு தடவைதான் போனார், நான் கடைக்குக் கடை அவரை வழியனுப்பினேன். எல்லோரும் கேட்டவுடன் நகல் எடுத்துக் கொடுத்தார்கள், அதோடு கம்ப்யூட்டரில் அவர் பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டார்கள். இனி பில் என் பெயரில் வந்தால்தான் செலவு கணக்கில் ஏறும் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார், அதனால் நான்தான் மாற்றச் சொன்னேன். சொல்லிவிட்டு அவர்கள் அழிக்கிறபோது வேறு பக்கம் பார்த்தேன்.

கடைசியாகப் பட்டன் கடை. அந்தப் பெரியவருக்கும் அப்பாவுக்கும் பேரம் பேசிப் பேசியே சிநேகமாகிவிட்டது உனக்குத் தெரியும். இரண்டு மாதமாகக் கால் ஒடிந்து வீட்டில் கிடந்துவிட்டு இப்போதுதான் கடைக்கு வருகிறாராம், யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் நகல் கேட்டதும், "தொலைச்சிட்டானா, எனக்குத் தெரியும், நேர்ல வந்தா நான் கேலி பண்ணுவேன்னு உன்னை அனுப்பிட்டான்" என்று பொக்கை வாயால் சிரித்தார். நான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கி, "மர பட்டன் வேணும்னு உயிரை வாங்கினானே, வந்திருக்கு, வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன், வந்து எடுத்துக்கச் சொல்லு" என்றார். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. படி இறங்கும்போது பின்னாலிருந்து, "பேரம் பேசத் தெம்போட வரச் சொல்லு" என்று கத்தினார்.

பில் எல்லாம் சேர்ந்துவிட்டது, ஆடிட்டர் போதும் என்றுவிட்டார், இரண்டு மிஷினும் இருக்கும், நீ கவலைப்படாதே. நீயும் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாய், மாவு வாங்கின பில், முட்டை வாங்கின பில் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே போட்டோ எடுத்து வை, அடுப்புப் பக்கம் வைக்காதே, பின்பக்கம் எதற்கு என்று உன் கையால் எழுது. வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. மாப்பிள்ளையை அதட்டிப் பேசாதே, உன் குரல் அப்பா குரல், மெதுவாகச் சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். உனக்கு எந்தக் குறையும் வராது, தொழில் பெருகி, இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ லீவுக்கு வரும்போது பட்டன் கடைப் பக்கம் போனால் அந்தப் பெரியவரிடம் எதுவும் சொல்லிவிடாதே. நேற்றும் அங்கேதான் வெள்ளைப் பட்டன் வாங்கினேன், அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி என்றேன். பில்லில் அப்பா பெயர்தான் அச்சாகி வந்தது. அந்தக் கடைச் செலவு கணக்கில் ஏறாமல் போனால் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா