ஐந்து வருடத்தில் வாங்கித் தீர்க்கும் பென்ஷன்

சுண்ட்ஸ்வால்
மார்ச் 9

அன்புள்ள இல்வாவுக்கு,

நீயும் கேலமும் குட்டி ஃபின்னும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கு முட்டி வலி, உன் அப்பாவுக்கு முதுகு வலி, மற்றபடி ஒரே கூரையின் கீழ் இருவரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், இந்தக் குளிர்காலத்துக்கு அதையே பெரிய நலமாக எடுத்துக்கொள். பனி இன்னும் போகவில்லை, வாசலில் தள்ளித் தள்ளி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு போனை மேசை நடுவில் வைத்துவிடுகிறார், தன் தலையையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார், நான் சொல்ல நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். எதைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கும் பழக்கம் உனக்கு உண்டு, இந்த ஒரு முறை வரிசையாகப் படி.

போன அக்டோபரில் நீ போனில் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். அப்பா ஜனவரியோடு ஆலையை விட்டு நிற்கப் போவதாகவும், ஆலைப் பென்ஷனை ஐந்தே வருடத்தில் வாங்கிக்கொண்டு காரில் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற ஒரு கேரவன் வாங்கப் போவதாகவும் உன்னிடம் சொன்னார். நீயும் சிரித்துக்கொண்டே, "அனுபவி அப்பா, உன் காசுதானே" என்று சொல்லிவிட்டாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், தெரியும். ஆனால் அந்த வார்த்தையை அவர் வாரக்கணக்கில் என் எதிரில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். காபி குடிக்கும்போது, "இல்வாவே சொல்லிட்டா." காரில் போகும்போது, "படிச்ச பொண்ணு, அவளுக்குத் தெரியாததா?" பிள்ளையைப் படிக்கவைத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி இது.

நீ இந்த ஊரில் வேலை பார்க்காமலே போய்விட்டவள், இந்த விவகாரம் உனக்குப் பிடிபடாமல் இருக்கலாம். அரசாங்கம் கொடுக்கும் பென்ஷன் உயிர் இருக்கும்வரை மாதாமாதம் வரும், அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆலைக்காரர்கள் அவர் பேரில் ஒரு பென்ஷன் கம்பெனியில் கட்டி வந்த பணம் வேறு. அதைச் சாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம், தனியாக எழுதிவைக்காவிட்டால் ஆள் போனதும் மிச்சம் அந்தக் கம்பெனிக்கே; வேண்டுமானால் ஐந்து வருடத்தில் கொட்டச் சொல்லியும் வாங்கலாம். ஒருமுறை வாங்கத் தொடங்கிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. உன் அப்பா வேலை பார்த்த பழுதுபார்க்கும் பட்டறையில் ஒரு காபி மேசை உண்டு, அங்கேதான் எல்லாம் முடிவாகும், எந்தக் கார் நல்லது, எந்த டாக்டர் மோசம், யாருக்கு ஓட்டு. அந்த மேசையில் முதலில் ஓய்வுபெற்றவர் பொர்யே. அவர் ஐந்து வருடம் கேட்டார். ஸ்பெயினிலிருந்து வெயிலில் அரைக்கால் சட்டையோடு படம் அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த மேசையிலிருந்து எழுந்துபோன அத்தனை பேரும் ஐந்து வருடம்தான். யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. எல்லாரும் செய்ததைச் செய்யாவிட்டால் தனியாகத் தெரிவோமே என்கிற பயம் நம் ஊர் ஆண்களுக்குச் சாவு பயத்தைவிடப் பெரிது.

சாவு பயமும் இருந்தது. உன் தாத்தா அறுபத்தாறில் போனார், உன் பெரியப்பா அதற்கும் முன்னால். உன் அப்பா வெளியே சொல்லமாட்டார், ஆனால் அறுபத்தாறாவது பிறந்த நாளிலிருந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் நிற்கும் ஆள் மாதிரியே நடமாடிக்கொண்டிருந்தார். புதுச் செருப்பு வாங்கலாமா என்றால், "எதுக்கு, இது போதும் எனக்கு" என்பார். கேட்டால் ஒரே பதில்தான். "எங்க வீட்டு ஆம்பளைங்க எழுபதைப் பாத்ததில்ல பார்ப்ரூ. மிச்சத்தை அந்தக் கம்பெனிக்காரனுக்கு விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

என் பக்கத்தையும் உனக்குச் சொல்லவேண்டும். உன் சின்ன வயதில் நான் பாதி நாள்தான் வேலைக்குப் போனேன், உன் அப்பாவுக்கு ஷிஃப்ட், வேறு வழி இல்லை. பாதி நாள் வேலைக்குப் பாதிப் பென்ஷன்தான் என்று அப்போது யாரும் வந்து சொல்லவில்லை. வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலைதானே என்னுடையது, அந்த வீடுகளில் காசை மிச்சம்பிடிக்க ரேடியேட்டர் சூட்டைக் குறைத்துவிட்டு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் காலத்தில் நம் கூட்டத்தில் யாரும் செய்துகொள்ளவில்லை, பாதிரியார் வந்து சொன்னால்தான் சேர்ந்து வாழ்வீர்களா என்று கேலி செய்வார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வீடு நான் வருவதற்கு முன்பே உன் அப்பா வாங்கியது. அவர் போனால் அது உனக்கும், அவருடைய முதல் மனைவியின் மகன் கெண்ட்டுக்கும்தான் சேரும். எனக்கு அதில் ஒரு கதவுப்பிடிகூடக் கிடையாது. நீ, "அம்மா, நீ அங்கேயே இரு, யாரு கேக்கப்போறா" என்பாய். உன்னைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. கெண்ட்டும் கெட்டவன் இல்லை, மூன்று பிள்ளைகளும் வங்கிக் கடனும் உள்ளவன், அவ்வளவுதான். நம் தெருக்கோடி குன்வோர் ஞாபகம் இருக்கிறதா, நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பன் கொடுப்பாளே. அவளும் எங்களைப் போலக் கல்யாணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவள்தான், அவளுடைய ஆள் போன வருடம் போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், காபி கொண்டுவந்தார்கள், அவகாசம் கொடுத்தார்கள், பிறகு வீட்டை விற்றார்கள். அவள் இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். தான் நட்ட கருந்திராட்சைச் செடியைப் பார்க்க அந்தத் தெரு வழியாகவே நடந்து போகிறாள்.

இதையெல்லாம் நவம்பரில் ஒருநாள் உன் அப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். பென்ஷனைச் சாகும்வரை வருகிற மாதிரி வை, நீ முந்திப் போனால் மிச்சம் எனக்கு வருகிற மாதிரி எழுது, வீட்டுக்கும் ஒரு வழி பண்ணு என்று. நான் கத்தவில்லை, தட்டைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னேன். அவர், "நான் எப்பப் போவேன்னு நாள் பாத்துட்டிருக்கியா?" என்று கேட்டார். இல்வா, அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் அப்படி ஒரு வார்த்தை என் மேல் விழுந்ததில்லை. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாதி மனம் நொந்ததால், பாதி களைப்பால். வேலைக்குப் போய் வந்து, பனியைத் தள்ளி, வாய் பேசாத மனிதருக்குச் சமைத்துப் போட்டு, கிறிஸ்துமஸையும் அப்படியே தள்ளினோம். நீ போனில் கூப்பிடும்போது மட்டும் இரண்டு பேரும் சிரித்தோம், உனக்குத் தெரியக்கூடாது என்று.

ஜனவரியில் ஆலையில் அவருக்குக் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். பென்ஷன் விருப்பத்தை அந்த மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும். அந்தச் சமயத்தில்தான் பொர்யே தன் கேரவனை விற்கிறார், அதுவும் மலிவாக, என்று யாரோ சொல்ல, உன் அப்பாவுக்கு முகமெல்லாம் பல். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பொர்யே வாசலில் கேரவன் கூரைமேல் இருந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். உள்ளே காபி கொடுத்தார், உன் அப்பா உற்சாகமாக, "என்னடா, இதைவிடப் பெருசா வாங்கப் போறியா?" என்று கேட்டார். பொர்யே அதற்கு, "வாங்கறதா? விடிகாலைல பேப்பர் போட்டுட்டு வரேன்டா நான்" என்றார். அவருடைய ஐந்து வருடம் போன கோடையோடு முடிந்துவிட்டதாம். அதிகமாக வாங்கினதால் வரியிலேயே நிறையப் போய்விட்டதாம். இப்போது அரசாங்கப் பென்ஷன் மட்டும், அதில் வாடகையும் மருந்தும் போனால் மிச்சம் ஒன்றுமில்லை. "அஞ்சு வருஷம் ராஜா மாதிரி இருந்தேன். அப்புறம் போயிருக்கணும், போகல. நான் போட்ட கணக்குல ஒரே ஒரு தப்புதான் ஸ்தூரே, உயிரோட இருந்துட்டேன்" என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். உன் அப்பாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். பட்டறை மேசைக்கு வந்து இதை ஏன் சொல்லவில்லை என்று உன் அப்பா கேட்டார். "எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுச் சொல்ல? படம் அனுப்பினவன் நான்தானே" என்றார் பொர்யே. அவருக்கு எழுபத்தொன்று ஆகிறது.

நாங்கள் கேரவனைத் திறந்துகூடப் பார்க்காமல் வந்துவிட்டோம். அந்த வாரம் வியாழக்கிழமை வழக்கம்போலப் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் வைத்தேன், சூப்பில் கடுகு விழுதுகூடப் போட்டுக்கொள்ளாமல் சாப்பிட்டார், அப்போதே ஏதோ ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். நான் பாத்திரம் கழுவும்போது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் கழித்து, "முடிச்சிட்டேன்" என்றார். என்ன என்றேன். "சாகுற வரைக்கும். நான் முந்திக்கிட்டா உனக்கு." அவ்வளவுதான். அன்று அவர் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று தட்டைத் துடைத்தார். அதை முடித்துவிட்டு, "மார்ச் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை உனக்கு லீவு கிடைக்குமா? நகர மன்றத்துல தேதி கேக்கணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்ட பிறகுதான், "வீட்டுக்குத்தான். வக்கீலும் அதான் சொன்னாரு" என்றார். எனக்குத் தெரியாமல் வக்கீலையும் பார்த்திருக்கிறார். என் வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே கல்யாணப் பேச்சு இதுதான், கை நிறையச் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு கேட்டேன்.

ஆமாம் இல்வா, போன வெள்ளிக்கிழமை நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். உன்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, இந்த வயதில் ஊர் சிரிக்கும் என்று அவர் யாரிடமும் வாய் திறக்கவிடவில்லை. கெண்ட்டிடம் மட்டும் அவரே போன் போட்டுச் சொன்னார், அவனுக்குச் சேரவேண்டியது எப்படிப் போகும் என்றும் எழுதிவைத்துவிட்டோம். அவன், "இத்தனை நாள் ஏம்ப்பா பண்ணல?" என்று மட்டும் கேட்டானாம். பொர்யேவும் குன்வோரும் சாட்சி. நடத்திவைத்த அதிகாரியம்மா கல்யாண உறுதிமொழியில் சின்ன வாசகம் வேண்டுமா பெரிய வாசகம் வேண்டுமா என்று கேட்டார், உன் அப்பா சின்னது போதும் என்றார். நான் பெரியது என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, காலையிலிருந்து நின்றதில் முட்டிதான் வலித்தது. சந்தோஷமா என்று கேட்டால் நிம்மதி என்றுதான் சொல்லத் தெரிகிறது. நிம்மதி வருவதற்குள் ஆள் ஓய்ந்துபோகிறோம், அதுதான் வருத்தம்.

உனக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான். உங்கள் நாட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது, நீயும் கேலமும் எப்படி எழுதிவைத்திருக்கிறீர்கள் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் தெரிந்தவர்களிடம் உட்கார்ந்து கேள், நண்பர்கள் காபி குடித்துக்கொண்டே சொல்வதை எடுத்துக்கொள்ளாதே. ஃபின்னுக்காகப் பாதி நாள் வேலைக்குப் போகிறாய், பென்ஷனில் குறைகிற பங்கைக் கேலம் உன் பேரில் போடட்டும், கேட்பதற்கு வெட்கப்படாதே. சண்டை வரும் என்று தள்ளிப்போடாதே, சண்டை எப்படியும் வரும்.

கல்யாணம் முடிந்து நால்வரும் பேக்கரிக்குப் போய்ப் பச்சை நிறக் கேக் சாப்பிட்டோம். வீட்டுக்கு வரும்போது காரில் உன் அப்பா தானாகப் பேசினார். இந்தப் பென்ஷனைக் கணக்குப் பண்ணிப் பார்த்தாராம், ஐந்து வருடத்தில் வாங்கியிருந்தால் வந்திருக்கக்கூடிய பணம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக முழுதும் கைக்கு வந்துசேர எண்பத்தைந்து வயதாகுமாம். "அது வரைக்கும் இருந்தே ஆகணும் பார்ப்ரூ. அவனுங்களுக்கு ஒரு காசு விடமாட்டேன்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நகர மன்றத்தில் வராத அழுகை அங்கேதான் வந்தது. அவர் வாயிலிருந்து எழுபதுக்கு மேல் ஒரு வயதை இதுவரை நான் கேட்டதே இல்லை. மறுநாள் கடைக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கி வந்தார்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நெடுங்காலம் இருங்கள், ஃபின்னுக்குப் பாட்டியின் முத்தம். இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவே இந்தச் செய்தியைச் சொல்வார், அதற்குள் கடிதம் வந்து சேர்ந்துவிட்டால் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொள். அவரை "அனுபவி" என்று சொல்லாதே, எண்பத்தைந்தாவது பிறந்த நாளுக்கு நீங்கள் எல்லாரும் வருவதாகச் சொல், போதும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா
பார்ப்ரூ