மிச்சமிருந்த இரண்டு நாள்

இன்று காலை மகளின் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டேன். சொலூசன் ரியூப்பின் மூடியைத் திறந்ததும் எழுந்த மணத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுக் கராஜில், பழைய பெயின்ற் தகரங்களுக்கு நடுவே முழங்காலில் இருந்தபடி உன்னை நினைத்தேன், மச்சான். "இதை மணந்தா எனக்குப் பசிக்கும்" என்று சொல்வாய். மகள் பக்கத்தில் நின்று, காற்று அடித்தாயிற்றா என்று இரண்டு தரம் கேட்டாள்.

நேற்று நீ போய் முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியைக்கு வால்தம்ஸ்டோவில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் மனைவி தன் கையாலேயே எனக்குச் சோறு போட்டார். "அவருக்கு உங்களை விட்டா ஆர் அண்ணை இருந்தது?" என்றார். நான் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன். வெட்கம் கெட்டவன், இரண்டாம் தரம் சாம்பார் வேறு வாங்கினேன்.

நாம் பிளேஸ்டோவில் ஒரே அறையில் இருந்த எண்பதுகளை விட்டுவிடுகிறேன். அதைப் பற்றிப் பேச எனக்கு வெட்கம் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு வருகிறேன். நான் கவுன்சிலில் வரைபடம் கீறுகிற வேலையில் இருந்தேன், நீ பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் பிரான்சில் சைக்கிள் ஓடிய கதையைச் சொன்னார். பேர்கண்டிப் பக்கம், மேடு பள்ளம் அதிகமில்லாத சின்ன வீதிகள், லொறி வராது, இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நாலைந்து மைலுக்கு ஒரு பழங்காலத்துக் கிராமம். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். இரண்டு மாரிகாலம் மேசையில் குனிந்திருந்து பாதையைக் கீறினேன். தேவாலயத்துக்குச் சிவப்பு, தண்ணீர்க் குழாய்க்கு நீலம், பேக்கரிக்கு மஞ்சள். திங்கள் தொடங்கி வெள்ளி முடிகிற ஐந்து நாள் ஓட்டம். என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்து, வீட்டுக்கு ஒரு அலுமாரி கீறச் சொன்னபோது இந்த அக்கறை எங்கே போனது என்று கேட்டாள்.

உன் அகதிப் பயணப் பத்திரத்தில் விசா வரக் கிழமைக்கணக்கானது. "சைக்கிள் ஓட விசா எடுத்த முதல் யாழ்ப்பாணத்தான் நான்தான்" என்று எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தாய். எனக்காகத்தான் வந்தாய். உனக்குத் திராட்சைத் தோட்டமும் ஒன்றுதான், லண்டன் பக்கத்து எப்பிங் காடும் ஒன்றுதான்.

ஆனாலும் இரண்டாம் நாளே உனக்கு அது பிடித்துவிட்டது. அவசரம் இல்லாத ஓட்டம். கால் சும்மா சுற்றும், சங்கிலி மெல்லச் சத்தம் போடும். கொடிகளுக்கு நடுவே வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கை காட்டுவார்கள், நீ மணி அடிப்பாய். கிராமங்களில் கல் வீடுகளுக்கு நடுவே வீதி ஒடுங்கும்போது ஒருவர் பின் ஒருவராய்ப் போவோம். ஒரு தேவாலயத்து வாசலில் பாணும் சீசும் தின்றுகொண்டே, "அம்மாவுக்கு இதைப் பற்றி எழுதோணும்" என்றாய். "சைக்கிளை விட்டுட்டு ஒழுங்காப் படி எண்டு பேசின மனிசி."

மூன்றாம் நாள் புதன்கிழமை பின்னேரம் தங்குமிடத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு எடுத்தேன். நீ வெளியே சுவரில் சாய்ந்து என் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றாய். கண்ணாடிக்குள்ளால் உன்னைப் பார்த்தபடியே மனைவியின் குரலைக் கேட்டேன்.

"அவற்ற அம்மா மோசம் போயிட்டாவாம். போன வியாழக்கிழமையாம். யாழ்ப்பாணத்துக்கு லைன் இல்லைத்தானே, கொழும்பாலதான் இண்டைக்குச் செய்தி வந்தது. தம்பிக்காரன் கொள்ளி வைச்சிட்டானாம். நாளைக்கு எட்டு. இப்பவே சொல்லுங்கோ, கேட்டியளே?"

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

வெளியே வந்தேன். "என்ன, வீட்டில சுகமோ?" என்றாய்.

"சுகம். லண்டன்ல மழையாம்."

அந்தச் சொல் வாயிலிருந்து விழும்வரை அதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. சொன்ன பிறகு அதற்கு நியாயம் தேட அரை மணித்தியாலமும் ஆகவில்லை. எரித்தாயிற்று. ஊருக்குப் போகவும் வழியில்லை. மூத்த மகன் என்றாலும் லண்டனில் இருந்து இவன் என்ன செய்யப்போகிறான்? இரண்டு நாள் சந்தோசமாக இருக்கட்டுமே. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினேன். அறையில் நீ துவைத்த சொக்ஸை எதிர்க்கட்டில் கம்பியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாய்.

ஆனால் நான் யாழ்ப்பாணத்தான் அல்லவா? எட்டாம் நாள் பிள்ளை தலை முழுக வேண்டும், மச்சம் மாமிசம் தொடக்கூடாது என்ற நினைப்பு என்னை விடவில்லை. சொல்லாமலே உன்னைச் சாவுத் துடக்குக் காக்க வைக்கலாம் என்று ஒரு புத்தி தோன்றியது. வேறு எந்த மனிதனுக்கும் இப்படி ஒரு மூளை வேலை செய்யாது. வியாழக்கிழமை காலை ஒரு கிராமத்தில், அந்தக் காலத்தில் பெண்கள் துணி துவைத்த கல் தொட்டி ஒன்று இருந்தது. மேலே ஓட்டுக்கூரை, உள்ளே ஊற்றுத் தண்ணீர். வெயில் கடுமை, தலையை நனை என்று உன்னை இறக்கினேன். வெயில் அப்படியொன்றும் கடுமையில்லை. நீ குனிந்தாய். நான் சைக்கிள் போத்தலில் தண்ணீர் மொண்டு உன் தலையில் ஊற்றினேன், மூன்று தரம்.

"என்ன மச்சான், எனக்குத் தீர்த்தமாட்டுறியோ?" என்று கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். வாசலில் நின்ற ஒரு கிழவி ஏதோ சொல்லித் தானும் சிரித்தாள். நானும் சிரித்தேன். உன் அம்மாவின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே சிரித்தேன். கடமை முடிந்தது என்று ஒரு நிம்மதிகூட வந்தது, பார்.

மத்தியானம் மச்சம் வேண்டாம், வெயிலுக்குக் கூடாது என்று தடுத்துப் பார்த்தேன். "நாளைக்கு வெள்ளி, நாளைக்குச் சைவமா இருப்பம்" என்று சொல்லித் தாரா இறைச்சியும் சிவப்பு வைனும் கொண்டுவரச் சொன்னாய். ஒரு துண்டு முள்ளுக்கரண்டியில் குத்தி எனக்கும் நீட்டினாய். வாங்கித் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. பின்னேரம் முழுவதும் வாய்க்கால் கரையோரம் ஓடினோம், வெள்ளிக்கிழமையும் ஓடினோம். பொய் சொல்லி என்ன? அவை எனக்கு நல்ல நாட்கள். முழுதாக மறந்துபோன மைல்கள்கூட இருந்தன. என் படத்தில் நீலத்தில் குறித்த குழாய் ஒவ்வொன்றிலும் தண்ணீர் வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் வால்தம்ஸ்டோவில் உன் வீட்டு வாசலுக்கு வந்தோம். வாசல் நிறையச் செருப்புகளும் சப்பாத்துகளும். நீ சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு அவற்றைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். வழியெல்லாம் சொல்லலாம் சொல்லலாம் என்று வந்தவன், அப்போதும் வாய் திறக்கவில்லை. கதவைத் திறந்த உன் மனைவி உன் முகத்தைப் பார்த்தார். நீ சிரித்த முகத்தோடு நின்றாய்.

"அண்ணை, நீங்கள் இன்னும் சொல்லேல்லையோ?"

பிறகு அவரே சொன்னார். நீ வாசற்படியிலேயே குந்திவிட்டாய். உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாய்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"புதன்."

"அந்தப் போனிலயோ?"

"ஓம்."

விரலை மடித்து எண்ணினாய். "அப்ப வியாழன் எட்டு." என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அதுதான் தண்ணி ஊத்தினாயோ?"

நான் தலையாட்டினேன். அடிப்பாய் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். நீ உன் தலைமயிரைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாய். பிறகு, முகம் சிவந்து ஏதோ கேட்க வந்த உன் மாமாவைப் பார்த்து, "அவனைப் பேசாதேங்கோ. எனக்காகத்தான் சொல்லாமல் விட்டவன். ரெண்டு நாள் கூடச் சந்தோசமா இருக்கட்டும் எண்டு" என்றாய். நீ தைத்துக் கொடுத்த அந்தக் காரணத்தைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி மட்டும் அதை நம்பவில்லை. ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

நாலு வருடம் கழித்து என் ஐயா, என்னைப் பெற்றவர், கொழும்பில் போனார். அன்று எங்கள் வீட்டில் யாரும் இல்லாததால் செய்தி உனக்கு வந்தது. நீ ஷிப்ட்டை விட்டுவிட்டு, பெற்றோல் ஷெட் உடுப்போடேயே ரெயினில் வந்து, கவுன்சில் வாசலில் நின்று என்னைக் கூப்பிடச் சொன்னாய்.

"மச்சான், ஐயா போயிட்டார். காலமை ஆறு மணிக்காம். எனக்கு இப்பத்தான் தெரியும், உடன வந்தனான்."

தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாய். என்னைக் குத்திக்காட்ட அப்படிச் சொல்லவில்லை. உனக்கு அந்தக் குணமே இல்லை. எனக்குத்தான் அந்த 'உடன' என்ற சொல் குத்தியது. ஐயாவுக்கு அழுதேனா, அதற்கு அழுதேனா என்று இன்றைக்கும் சொல்ல ஏலாது.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ கட்டிலில் சாய்ந்திருந்து, "இன்னொருக்கா அங்க போவமோ?" என்று கேட்டாய். போவோம் என்றேன். புதிதாய் ஒரு பாதை கீறுகிறேன் என்றேன். கதை அப்படியே சைக்கிளில் போய்விட்டது. பார்வையாளர் நேரம் முடிந்து தாதி வந்து எழுப்பும்வரை பற்சில்லைப் பற்றிப் பேசினோம்.

இனி யாருக்குச் சொல்வது? உன் மனைவிக்குச் சொன்னால் நீ அன்று என்னைக் காப்பாற்றியதும் வீணாகிவிடும். உனக்கே சொல்கிறேன். உனக்காக இல்லை, மச்சான். உன்மேல் இரக்கப்பட்டு மறைக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் நின்று செய்தி கேட்டபோது முதலில் எனக்கு வந்தது துக்கம் அல்ல. இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்பதுதான். உன் அம்மா செத்துப்போனதைக் கேட்ட நிமிடம், நான் என் படத்தில் மிச்சமிருந்த வீதியைத்தான் நினைத்தேன்.