புலிக்குகைக்குள் காணாமல் போன இரண்டு அத்தியாயங்கள்

உன் வருஷ திதி முடிந்த மறு ஞாயிறு, உன் மகள் வந்து ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தாள். உள்ளே உன் பைண்டு புத்தகம். வார இதழில் வந்த சரித்திரத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாயே, அதேதான். தாள்களெல்லாம் பழுத்துப் போயிருக்க, பசை வாடை மட்டும் புதிதாக அடித்தது.

தாம்பரம் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் நாம் பழகிய புதிதில் இதை எனக்கு இரவல் கொடுத்தாய். நான்கே நாளில் படித்து முடித்துவிட்டு உன்னிடம் சண்டைக்கு வந்தேன். முப்பதாம் அத்தியாயத்தில் இளவரசியும் அவளைக் காட்டிக்கொடுத்த ஒற்றனும் ஜென்மப் பகையோடு கடலோரப் புலிக்குகைக்குள் ஒளிகிறார்கள். அடுத்து இருப்பது முப்பத்து மூன்று. அதில் சமாதானமாகி வெளியே வருகிறார்கள். நடுவில் இரண்டைக் காணோம்.

"அந்த ரெண்டு வாரம் நான் பிரசவத்துக்குக் கூடுவாஞ்சேரில அம்மா வீட்ல இருந்தேன்டி. அங்க யாரு புக்கு வாங்குறா?" என்றாய், கொஞ்சம்கூட வருத்தமில்லாமல். அந்தத் தொடர் புத்தகமாகவும் வரவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று எத்தனை மாலை வாதாடியிருப்போம்! கடைசியில் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று லீவு போட்டு, மாமல்லபுரம் பஸ் ஏறிப் புலிக்குகைக்குப் போனோம். கதையில் அவர்கள் தீப்பந்தத்தோடு நுழைவதாக வரும். அதை நம்பி நீ டார்ச் லைட்டும் புது பேட்டரியும் கொண்டுவந்திருந்தாய். சவுக்கு மரங்களைத் தாண்டிப் போனால் ஒரு பாறை, சுற்றிலும் யாளித் தலைகள், நடுவில் கட்டில் போடும் அளவுக்கு ஒரு மாடம். அவ்வளவுதான் குகை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ டார்ச் அடித்து நாலு மூலையையும் பார்த்துவிட்டு, மணலில் உட்கார்ந்து சிரிசிரியென்று சிரித்தாய்.

"இத்தினியூண்டு இடத்துல ரெண்டு பேர் ஒளியணும்னா ஒட்டிக்கினுதான் நிக்கணும். எவ்ளோ நேரம் மூஞ்சத் திருப்பிக்க முடியும்? அதான் ராசி ஆயிட்டாங்க. அத நீ எழுது."

நான் எழுதுவேன் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே எழுதாமல் வருஷங்களை ஓட்டினேன். வீடு, ஆபீஸ், பையன் படிப்பு என்று சாக்குக்கா பஞ்சம்? உண்மையில் பயம்தான். ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோது, பாதி ஆச்சு என்றேன். ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அந்தப் பொய்யோடு உன்னை அனுப்பிவைத்தது ஒரு வருஷமாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

முப்பதாம் அத்தியாயம் முடியும் இடத்தைப் புரட்டினேன். அதற்கும் முப்பத்து மூன்றுக்கும் நடுவே பதினாறு வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைத்திருந்தது. உன் மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் அசரவே இல்லை.

"தெரியும் ஆண்ட்டி. 'பாதின்னு சொல்றா, அப்படின்னா ஒண்ணும் எழுதல. நடுவுல வெள்ளத் தாள வெச்சு பைண்ட் பண்ணி, எனக்கு வருஷம் முடிஞ்சதும் குடு, அப்பதான் பயந்து எழுதுவா'ன்னு அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க."

அழுதேன். பிறகு உன்மேல் கோபம் வந்தது. ஒரு வருஷம் என்னை இப்படித் தவிக்க விட்டுவிட்டாயே!

மறு சனிக்கிழமை உன் மகளோடு புலிக்குகைக்குப் போனேன். தான் பிறந்ததால் தொலைந்துபோன கதை என்று அவளுக்கு அதில் ஒரு உரிமை. பாறையைச் சுற்றிவந்து, ஒற்றன் வலப்பக்கம் நின்றிருப்பான் என்று அடித்துச் சொன்னாள். சவுக்கு நிழலில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்.

இன்றைக்கு மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. இருவரும் உள்ளே ஒட்டி நின்றுகொண்டு இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உன்னைப் போலவே இளவரசிக்கும் நாக்கு கொஞ்சம் நீளம். அவர்களை வெளியே அனுப்பிவிட்டால் உன்னோடு பேச ஒன்றும் மிஞ்சாதோ என்று நேற்றுவரை பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. இந்தக் கதையை முடித்த பிறகு எழுத, எனக்குச் சொந்தமாகவே ஒரு கதை தோன்றியிருக்கிறது.