மல்லிகா அக்கா உட்காரலாமா, அம்மா?

என் உயிரான அம்மாவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போதும் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தால், நீ பின்னால் வந்து நிற்பது போல் இருக்கும், எழுந்துவிடுவேன். இன்று எனக்கு வார விடுமுறை. இந்தக் கடிதத்தைக்கூட அடுப்பு மேடையில் வைத்து, நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் நான் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்த அதே பட்டுக்கடையில் இப்போது சூப்பர்வைசர். இரண்டாம் மாடியில் பதினாறு பேர் என் பொறுப்பு. எப்படி மேலே வந்தாய் என்று கேட்பவர்களிடம் எல்லாம் உன்னைத்தான் சொல்வேன். என்னை நடவுக்குக் கூட்டிப் போன முதல் நாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவளிடம் நீ சொன்னாயே, "குனிஞ்சது குனிஞ்சபடி நடு. நிமிந்தாத்தான் வலி தெரியும்" என்று. அதை வைத்துத்தான் பதினெட்டு வருஷம் அந்தக் கடையில் நின்றேன்.

கடையில் நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது. எங்கள் மாடியிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஒருத்தியும் உட்கார மாட்டாள். நான் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை, அம்மா. ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான். அதில் எனக்குப் பெருமை வேறு.

உன்னோடு நடவு நட்ட மல்லிகா அக்காவை நினைவிருக்கிறதா? நம் ஊருக்கு மிஷின் நடவு வந்த பிறகு வேலை இல்லாமல் இருந்தார். நான்தான் கடையில் சேர்த்துவிட்டேன். போன வாரம் இரண்டு தடவை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கால் வீங்கியிருந்ததை நானும் பார்த்தேன். ஆனாலும் முதலாளி விசாரித்தபோது, அக்காவுக்கு வேலையில் சுறுசுறுப்பு போதாது என்று சொல்லிவிட்டேன். வைத்துக்கொள்வதா நிறுத்துவதா, விடுமுறை முடிந்து வந்து நீயே சொல் என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நேற்று பாபநாசம் வரைக்கும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அக்காவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கோபப்படவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்கம்மா மாதிரி இருக்கணும்னு நெனைக்கிற. அது எங்களை ஒரு நாளும் இப்படிப் பாத்ததில்ல. நான் மாசமா இருந்தப்ப, வரப்புல போய் உக்காருடின்னு சொல்லிட்டு என் பங்கையும் சேத்து அதான் நட்டுச்சு. எனக்கு மட்டுமில்ல, யாருக்கு முடியலைன்னாலும் அப்படித்தான். அப்புறம் அதுக்கு நிமிர ஏது நேரம்?"

ஏன் அம்மா இதை என்னிடம் சொல்லவே இல்லை? நான் பார்த்து வளர்ந்தது உன் முதுகை மட்டும்தானா? எனக்கும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், போய் உட்காருடி என்று சொல்லியிருக்கலாமே. கோபம் கோபமாக வருகிறது. உன் மேலா, என் மேலா, தெரியவில்லை. காலையிலிருந்து தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை முதலாளியிடம், மல்லிகா அக்கா இருக்கட்டும், நான் சொன்னதுதான் தப்பு என்று சொல்வேன். உன்னைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்பார். யோசிக்கட்டும். அப்புறம் மாடிக்குப் போய், பதினாறு பேரும் பார்க்க, நான் ஸ்டூலில் உட்காருவேன். சூப்பர்வைசர் உட்காராமல் அவர்கள் உட்கார மாட்டார்கள். கால் பரபரக்கும், பாதியில் எழுந்துவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. அக்கா வந்து என் பக்கத்தில் உட்காரும்வரை எழுந்திருக்க மாட்டேன், அம்மா. இது சத்தியம்.

உன் மூத்த மகள்,
செல்வி