வெட்டாத வீடியோ

மார்ச் 4, செவ்வாய்

கம்பெனியிலிருந்து மறுபடி அதே பல்லவி. எடிட் செய்த வீடியோ மட்டும் போதாதாம். எடுத்தது அத்தனையையும் வெட்டாமல் அனுப்ப வேண்டுமாம். சுவிட்ச், பிளக் விற்கிறவர்கள். அப்பாவும் நானும் யூடியூபில் போடும் ரிப்பேர் வீடியோவைப் பார்த்து எவனாவது ஒயரில் கை வைத்தால் பழி அவர்கள் தலையில் விழுமாம்.

அதற்காக? சமைத்துப் பரிமாறிய பிறகும் அடுப்படிக்குள் வந்து குப்பைக்கூடையைக் கிளறும் மாமியார் போல. எனக்கு மாமியாரே கிடையாது, அது வேறு கதை.

ஒரு வருட விளம்பர ஒப்பந்தம் கைகூடும் நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

கூடத்து சுவிட்ச் போர்டைக் கழற்றி மாட்டுவதை எடுத்தோம். அப்பா கலக்கிவிட்டார். எலக்ட்ரீஷியனாக ஆயுசைக் கழித்தவருக்கு இதெல்லாம் ஜுஜுபி. அம்மா போன பிறகு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த மனிதர், கேமரா வைத்த நாளிலிருந்துதான் பேசுகிறார். அதைக் கேட்க ஊர் முழுக்க ஆள் இருக்கிறது.

ஒன்றே ஒன்று. மெயினை அணைக்காமலே ஸ்குரூவில் கை வைத்தார். கத்தினேன். "அணைச்சிட்டேன்டி, ஏன் கத்துற?" என்றார். அணைக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன். களைப்பாக இருந்திருக்கும்.

அந்த இடத்தை வெட்டிவிட்டு, பழைய வீடியோவிலிருந்து அவர் மெயினை அணைக்கும் துண்டை எடுத்து, கம்பெனிக்கு அனுப்பும் 'வெட்டாத' பதிவிலேயே ஒட்டிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது.

மார்ச் 17, திங்கள்

தெரிந்துவிட்டது. கம்பெனியில் எங்களைக் கவனிக்கும் பெண் போன் செய்தாள். சின்னப் பெண், குரல் எப்போதும் தணிந்தே இருக்கும். "அக்கா, மெயினை அணைக்கிற கை நீலச் சட்டை. ஸ்குரூ கழட்டுற கை வெள்ளைச் சட்டை."

கழுகுக் கண். ஏதோ சொல்லி மழுப்பினேன். பழைய வீடியோக்களின் வெட்டாத பதிவுகளும் வேண்டும் என்றாள். எதற்கு? ஒப்பந்தத்தைக் கழற்றிவிடக் காரணம் தேடுகிறாளோ?

மார்ச் 21, வெள்ளி

கேட்ட பழைய பதிவுகளையும் அனுப்பித் தொலைத்தேன், இன்று அந்தக் கம்பெனிப் பெண்ணின் போன்.

"அக்கா, இது வீடியோ விஷயம் இல்ல. அப்பா எல்லா டேக்லயும் அதே கதைய முதல் தடவை சொல்ற மாதிரி சொல்றார். நடுவுல உங்களப் பார்த்து, 'எப்ப வந்தே'ன்னு கேட்கிறார். டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

எங்க அப்பாவைப் பத்திச் சொல்ல நீ யாரு? சுவிட்ச் விக்கிறவளுக்கு எதுக்கு வைத்தியம்? இதையேதான் கேட்டேன். "டாக்டர மட்டும் பாருங்கக்கா" என்றாள், அதே தணிந்த குரலில். அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 22, சனி

முழுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். வெட்டாமல் பார்ப்பது இதுதான் முதல்முறை.

ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுகிறார். சுவரைப் பார்த்து நிற்கிறார். நிற்கிறார். நான் "அப்பா, சொல்லுங்க" என்கிறேன், சிரித்துக்கொண்டே தொடங்குகிறார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் ஒவ்வொரு முறையும் வீடியோவை ஆரம்பித்திருக்கிறேன். அதற்கு முன்னால் இருந்த அப்பாவை எல்லாம் வெட்டி வெட்டிப் போட்டிருக்கிறேன். வீட்டிலேயே இருக்கிற எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லையா?

ஏப்ரல் 2, புதன்

அவளே போன் செய்தாள். ஒப்பந்தம் ரத்து இல்லையாம். மேலே பேசிவிட்டாளாம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் போதும், வேலையை நான் செய்யலாம். எடுக்கும் நாளில் அவர்கள் இன்ஜினியர் கூட இருப்பார். அதற்கு முன்னால் டாக்டர். "வீடியோ எங்கயும் ஓடிடாதுக்கா. நாங்க காத்திருக்கோம்."

சரி என்று வைத்துவிட்டேன்.

டாக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவது? என்னவென்று சொல்வது? அடுத்த மாதம் பார்ப்போம்.

ஏப்ரல் 5, சனி

அப்பா காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். "என்னடி, இன்னிக்கு எடுக்கலையா? என்னைக் கழட்டி விட்டுட்டாங்களா?" முகம் சுண்டிப்போனது. நாளை ஒரு சின்ன வீடியோ எடுத்துவிடலாம். வேலை என் கையில்தானே இருக்கப்போகிறது. இதற்குப் போய் இன்ஜினியர் எதற்கு?

ஏப்ரல் 19, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டின மாதிரி இருக்கிறது.

அந்த ஞாயிறு எடுக்கும்போது மெயினை நானே அணைத்தேன். சத்தியமாக அணைத்தேன். அப்பா நாற்காலியில்தான் இருந்தார். போர்டுக்குள் என் கை இருந்தபோது எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை. "வீடு இருட்டா இருக்கேன்னு மெயினைப் போட்டேன்மா," என்றார் ஆஸ்பத்திரியில். குழந்தை மாதிரி.

உயிர் இருக்கிறது. வலது கையில் இரண்டு விரல் மடங்காது என்கிறார்கள்.

கம்பெனிப் பெண் வந்திருந்தாள். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரவில்லை அவள் வாயிலிருந்து. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டாள். அவர் மறுபடி ஆரம்பித்தபோது மறுபடியும் கேட்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவின் நோய்க்குப் பேரைச் சொன்னார், எழுதப் பிடிக்கவில்லை. ஞாபகம் இனி ஏறாது, இறங்கும்தான்.

சேனலை நிறுத்திவிட்டேன்.

மே 11, ஞாயிறு

காலையில் அப்பா சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்தார். "கேமராவை வை."

ஒரு பலகையில் பழைய சுவிட்ச் போர்டை அறைந்து மேஜைமேல் வைத்தேன். எந்த ஒயரும் எங்கும் போகாது. போனை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ரெக்கார்ட் பொத்தானை அழுத்தவில்லை.

அப்பா பேசினார். நிறுத்தினார். தேடினார். என்னைப் பார்த்து, எப்ப வந்தே என்றார். இப்பதான்ப்பா என்றேன். மறுபடி முதலிலிருந்து பேசினார். நான் எதையும் வெட்டவில்லை.

முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"அந்தக் கம்பெனிப் பொண்ணுக்கு அனுப்பிடு. அது ஒண்ணுதான் என்னை முழுசாப் பார்க்குது."